ஆறாம் நாள் தலைக்கணக்கு

செங்கரட்டுப்பதியில் பிள்ளைகள் யாரும் பரீட்சையில் தோற்பதில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு எல்லாரும் பாஸ். வருஷம் முழுக்க எறும்புப் புற்றை நோண்டிக்கொண்டிருந்த பையன்கூட ஜூன் மாதம் புதுப் பையை மாட்டிக்கொண்டு அடுத்த வகுப்பில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பான். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரே ஒரு பெண் நாலாம் வகுப்பில் தோற்றாள். அவளும் யாரோ எவளோ அல்ல, ஊர்த்தலைவர் காளிச்சாமியின் ஒரே மகள் ஜீவிதா.

பொள்ளாச்சிப் பக்கம் இதை பெயில் என்பார்கள். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய இந்தத் தென்னந்தோப்புக் காட்டில் தமிழோடு மலையாளம் கலந்து கிடக்கிறது. இங்கே பரீட்சை என்றாலும் எலெக்‌ஷன் என்றாலும் இரண்டே வார்த்தைதான். ஒன்று ஜெயித்தாய், இல்லாவிட்டால் தோற்றாய்.

ஜீவிதா தோற்கவே இல்லை. அது மூன்று பேருக்குத் தெரியும். அவளைப் பெற்ற கமலாத்தாளுக்குத் தெரியும், அப்பன் காளிச்சாமிக்குத் தெரியும், தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் சிசிலி டீச்சருக்குத் தெரியும். தெரிய வேண்டியவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

கமலாத்தாளுக்கு வயது முப்பத்தெட்டுதான். அந்தப் பழங்காலப் பெயரைக் கேட்டுவிட்டு பஞ்சாயத்து ஆபீசில் முதியோர் பென்ஷன் மனுவை எடுத்து நீட்டினார்கள் என்று காளிச்சாமி மேடையிலேயே கேலி பண்ணுவார். கூட்டம் சிரிக்கும், அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவர் பேசினால் யாராக இருந்தாலும் கேட்பார்கள். இருபது வயதில் ஏதோ ஒரு ஆபீசில் மலையாளத்தில் மனு எழுதத் தெரியாமல் நின்றவரை, "எழுத்து தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வா" என்று விரட்டினார்களாம். பத்தாவது வரை தமிழில் படித்த மனுஷன். அன்றைக்குப் பிடித்த வீம்புதான் அவரைத் தலைவராக்கியது. பஸ் போர்டில் தமிழ் எழுத வைத்தார். ரேஷன் கடை நோட்டீசைத் தமிழில் ஒட்ட வைத்தார். வார்டு மெம்பரும் ஆனார். எட்டு ஏக்கர் தோப்பை ஆள் விட்டுப் பார்த்துக்கொண்டு, அவர் ஊர்ப் பாட்டைப் பார்த்தார்.

ஊர்ப் பாட்டில் முதல் பாடு, பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பு வரைக்கும் உள்ள சின்னத் தமிழ்ப் பள்ளி. கொரோனாவுக்கு அப்புறம் ஆளாளுக்கு வேன் வைத்து இங்கிலீஷ் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். காளிச்சாமி வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டார். "எம் புள்ளையே இங்கதான படிக்குது, உங்க புள்ளைக்கு என்ன கேடு?" என்பார்.

பிள்ளை படித்த படிப்பும் அப்படி. ஏழு வயதில் பஸ் போர்டைத் தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் படிப்பாள். கூட்டத்துக்கு அப்பன் தோளில் உட்கார்ந்து போவாள், மைக்கைப் பிடித்துத் திருக்குறள் சொல்வாள், இறங்கி வரும்போது நாலு பேர் கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்திருப்பார்கள். வகுப்பில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். "கொஞ்சம் மத்தவங்களுக்கும் உடு கண்ணு" என்று சிசிலி டீச்சர் கும்பிடாத குறையாகச் சொல்வார்.

நாலாம் வகுப்பு முழுப் பரீட்சை நேரத்தில் அவளுக்கு அம்மை வார்த்தது. வேப்பிலையில் படுத்துக் கிடந்தவள் இரண்டு பரீட்சை எழுதவில்லை. அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஜூன் மாதம் பெரிய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கூடவே அவளுடைய உயிர்த் தோழி, பக்கத்துத் தோப்பு யோகப்பிரியா. டி.சி.யை அப்புறம் கொண்டுவந்தால் போதும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் போனாள். மூன்று நாளும் வந்து அந்தப் பள்ளியில் லேப் இருக்கிறது, ரெண்டு மாடி இருக்கிறது, இந்திக்கு என்று தனியாக ஒரு டீச்சர் இருக்கிறார் என்று வாய் ஓயாமல் சொன்னாள். கமலாத்தாளுக்கு அந்த மூன்று நாளும் ஒரு விசேஷம் போல நினைவில் இருக்கிறது.

அதில் இரண்டாம் நாள் சாயங்காலம் சிசிலி டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் வகுப்பில் எத்தனை தலை இருக்கிறதோ, அந்த எண்ணிக்கைதான் வருஷத்துக்குக் கணக்கு. ஆறாம் பிரவர்த்தி திவசம் என்று மலையாளத்தில் நீட்டி முழக்குவதை ஊர்க்காரர்கள் ஆறாம் நாள் என்று சுருக்கிவிட்டார்கள். அந்த வருஷம் இருபது தலை இல்லாவிட்டால் பள்ளியைப் பக்கத்து மலையாளப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு பலமாக அடிபட்டது. டீச்சர் எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது.

"ஒண்ணுதாங்க கொறையுது. இன்னும் நாலு நாள் இருக்குது. மெம்பரு மனசு வெச்சா எங்கீருந்தாவது ஒரு புள்ளையச் சேத்தீரலாங்க" என்றார் டீச்சர்.

காளிச்சாமி போகாத வீடில்லை. அடுத்த நாள் பொழுது சாய வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, வாசலில் நொண்டி ஆடிக்கொண்டிருந்த மகளையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கமலாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, வேண்டாங்க" என்றாள், அவர் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே.

"ஒரே வருசம் நாலாவதுலயே இருக்கட்டும், கமலா. நம்ம புள்ள கெட்டிக்காரி. ஒரு வருசம் போனாப் போச்சாது, புடிச்சுக்குவா. பள்ளிக்கூடம் போனாத் திரும்ப வருமா?"

"அதுக்கு அவதானா கெடச்சா?"

"ஊரான் புள்ளைய நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன ரைட்டு இருக்குது? எம் புள்ளைன்னாத்தான் கேக்க முடியும்."

அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் பேசினால் நியாயம் மாதிரிதான் இருக்கும்.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பிள்ளையை யாரும் தோற்கடிக்க முடியாது, பெற்றோரே எழுதிக் கேட்டால் அதே வகுப்பில் வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சம்மதபத்திரம் வேண்டும், காரணம் காட்ட வேண்டும் என்றார் டீச்சர். சொல்லும்போதே முகம் தொங்கிப் போயிற்று. "நா வேற புள்ளையத் தேடச் சொன்னனுங்க. இந்தப் புள்ளைக்கு என்ன காரணமுன்னுங்க எழுதறது?"

"என்ன எழுதுனாச் செல்லும், அதச் சொல்லுங்க."

டீச்சர் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காளிச்சாமி எழுதினார். மலையாளத்தில் அச்சடித்த படிவம் இருந்தது, அதைத் தள்ளி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் அழகான கையெழுத்தில் தமிழிலேயே எழுதினார். தமிழில் மனுக் கொடுப்பது அவர் சண்டை போட்டு வாங்கிய உரிமை அல்லவா! 'என் மகள் ஜீவிதா படிப்பில் மிகவும் பின்தங்கியிருப்பதால், நாலாம் வகுப்பிலேயே மேலும் ஓராண்டு வைத்துப் படிப்பிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே கையெழுத்துப் போட்டு ஒப்பிட்டார். கமலாத்தாளும் ஒப்பிட்டாள். பேனாவை வாங்க மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் அவர்கூட மனசு மாறியிருப்பார். அவள் சொல்லவில்லை. கமலாத்தாள் என்று ஆறு எழுத்தையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிள்ளையிடம் காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. சின்னப் பிள்ளை, நாலு பிள்ளைகளிடம் சொல்லும், பேச்சு கல்வி ஆபீஸ் வரைக்கும் போகும், அப்புறம் பள்ளியே போய்விடும். அதனால் அப்பனே மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "நீ ரெண்டு பரிச்சை எழுதாம உட்டுட்டயில்ல சாமி, அதுல தோத்துப் போயிட்டயாம். இன்னொருக்கா நாலாவது படிக்கோணுமாம்" என்று தலையைத் தடவிச் சொன்னார்.

ஜீவிதா அழவில்லை. "யோகப்பிரியா தோக்கலையா?" என்று மட்டும் கேட்டாள். கணக்கில் இவளைப் பார்த்து எழுதும் பெண் யோகப்பிரியா.

ஆறாம் நாள் இருபது தலை இருந்தது. பள்ளி பிழைத்தது. ஊரில் வெடி வெடித்தார்கள். காளிச்சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபதாவது தலை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் கமலாத்தாள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். பெரிய பள்ளிக்குப் போகும் வேன் காலை எட்டேகாலுக்கு வரும். அந்த நேரத்துக்கு ஜீவிதா மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்வாள். வேன் போன பிறகுதான் பையை எடுப்பாள். எழுதும்போது நோட்டை இடது கையால் மறைக்கும் பழக்கம் வந்தது. கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னவள், கேள்வி முடிவதற்குள் "எனக்குத் தெரியாது" என்று சொல்லப் பழகினாள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். ஒருமுறை காளிச்சாமி வற்புறுத்தி அழைத்துப் போனார். மேடைக்குக் கீழே எவனோ ஒரு கிறுக்கன், "தலைவரு எலெக்சன்ல தோத்ததில்ல, புள்ள நாலாவதுல தோத்துருச்சு" என்று சிரித்தானாம். அதோடு அவள் அப்பனோடு வெளியே போவது நின்றது.

வருஷம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றார் காளிச்சாமி. முடிந்தது. அப்போது பள்ளிக்கு ஆண்டு விழா, மந்திரி வருகிறார் என்றார்கள். அப்புறம் சொல்லலாம் என்றார். சிசிலி டீச்சர் ரிட்டையர் ஆகி ஆனைக்கரையில் மகள் வீட்டுக்குப் போனார். போன மறு வருஷமே மாரடைப்பில் தவறிப்போனார். விஷயம் தெரிந்த மூன்று பேர் இரண்டு பேரானார்கள். ஜீவிதா ஐந்து, ஆறு என்று பெரிய பள்ளியில் ஏறி ஏழாம் வகுப்புக்கு வந்தாள். யோகப்பிரியா எட்டில் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே வேனில்தான் போனார்கள், பேசிக்கொள்வதில்லை.

சென்ற நவம்பரில் பள்ளியிலிருந்து டிஜோ சார் ஃபோன் பண்ணினார். கணக்கு வாத்தியார். அவருடைய தமிழில் பாதி மலையாளம்தான், இருந்தாலும் நல்ல மனுஷர்.

"ஜீவிதாவுட அம்மாதானே? ஞான் யு.எஸ்.எஸ். பரீட்சைக்கு குட்டியோட பேரு கொடுக்கலாம்னு. ஏழாம் கிளாஸ் குட்டிகளுக்குள்ள ஸ்காலர்ஷிப் பரீட்சை. வகுப்புல கணக்கு இவளுக்குத்தான் நல்லா வரும். ஆனா வேண்டாம்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்துட்டுப் போயிட்டா."

"என்னங்க சார் எழுதிருக்கறா?"

அவர் படித்தார். நான் நாலாம் வகுப்பில் தோற்றவள். நான் எழுதினால் பள்ளிக்குத்தான் கெட்ட பெயர். வேறு யாரையாவது அனுப்புங்கள் சார். அவ்வளவுதான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும், வீட்டில் சொல்லிச் சம்மதிக்க வையுங்கள் என்று ஃபோனை வைத்தார்.

கமலாத்தாள் அடுப்பில் இருந்ததை மறந்து அப்படியே நின்றாள். மூன்றரை வருஷமாகப் பிள்ளை அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரிகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பள்ளியின் பெயரையே தான் கெடுத்துவிடுவோம் என்று பயப்படும் அளவுக்கு அது உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்காகத்தானே அவளைப் பலி கொடுத்தது!

அதுவோ எலெக்‌ஷன் நேரம். காளிச்சாமி இந்தத் தடவை பிளாக் பஞ்சாயத்துக்கு ஸ்தானார்த்தி, அதாவது வேட்பாளர். 'தமிழ்ப் பள்ளியைக் காத்த தலைவர்' என்று முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸ். எதிர்க் கட்சிக்காரர்கள் அந்த ஆறாம் நாள் கணக்கே பொய், பிள்ளையே இல்லாமல் தலையைக் காட்டினார்கள் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அவரிடம் பேசினால் என்ன சொல்வார் என்று கமலாத்தாளுக்குத் தெரியும். அதனால் அவரிடம் பேசவில்லை. முதலில் அந்தச் சம்மதபத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம், பிள்ளைக்குக் காட்ட ஒரு அத்தாட்சி வேண்டுமே என்று பழைய பள்ளிக்குப் போனாள்.

புது ஹெட்மிஸ்ட்ரஸ் மெம்பர் வீட்டம்மா என்று எழுந்து நின்று நாற்காலி போட்டார். பீரோவைக் குடைந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தார். தாள் லேசாகப் பழுத்திருந்தது. 'படிப்பில் மிகவும் பின்தங்கியிருப்பதால்.' அவருடைய முத்து முத்தான கையெழுத்து. கீழே அவளுடைய ஆறு எழுத்து. இருபது தலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இதைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு பிள்ளையிடம் காட்டுவது? பெற்றவர்கள் இரண்டு பேருமே ஒப்பிட்டு, மகள் மக்கு என்று எழுதிக் கொடுத்த தாள் அது.

"நகல் வேணுங்களாக்கா?" என்று கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"வேண்டாங்க" என்று மூடிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பால் கறக்கும்போது, கன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளிடம் சொன்னாள். முகத்தைப் பார்த்தால் வாய் வராது என்று மாட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பத்தொன்பது தலை, ஆறாம் நாள், அப்பன் போகாத வீடு இல்லை, டீச்சர் முகம் தொங்கினது, கையெழுத்துப் போட்டது எல்லாம். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

கன்று முட்டி இழுத்தது.

"அப்ப நாந் தோக்கலையாம்மா?"

"இல்ல சாமி. நீ எங்க தோத்தே? உன்னையத் தோக்கடிச்சது நாங்க."

"நெசமாலுமா?"

"எங்கண்ணு மேல சத்தியமா."

கமலாத்தாள் திரும்பிப் பார்த்தாள். ஜீவிதாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. கோபப்படுவாள், கத்துவாள் என்று பயந்திருந்தாளே, அந்தப் பிள்ளைக்குக் கோபிக்கவே தோன்றவில்லை. தோற்கவில்லை என்ற ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் இன்னொரு தோசை கேட்டு வாங்கித் தின்றாள். கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கையால் மறைக்காமல், நாலு பக்கம் போட்டாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கமலாத்தாள் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோமே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள், வாயைத் திறந்த சந்தோஷத்திலேயே.

அவள் மகளிடம் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டாள். அப்பனிடம் இப்போதைக்குக் கேட்காதே என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை வாசலில் இருபது பேர் இருந்தார்கள். நோட்டீஸ் கட்டு, கொடி, டீ. ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காளிச்சாமி வெள்ளை வேட்டியில் நடுவில் நின்றார். ஜீவிதா பள்ளிக்குக் கிளம்பி யூனிஃபார்மோடு வந்தவள், மூன்றரை வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாகத் தானாகவே அத்தனை ஆட்களுக்கு நடுவே நடந்து அப்பனிடம் போனாள்.

"அப்பா, நா நாலாவதுல ஜெயிச்சனுங்களா, தோத்தனுங்களா?"

எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் சிரித்தார். காளிச்சாமியின் கண் நேராக வாசல்படியில் நின்ற கமலாத்தாளிடம் வந்தது. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. அவர் பயந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதுக்கென்ன சாமி இப்ப?"

"சொல்லுங்ப்பா. பள்ளிக்கூடத்துல ஒரு தல கொறஞ்சுதுன்னு என்னைய நிறுத்துனீங்களாம். நா தோக்கவே இல்லையாம். அம்மா சொன்னாங்க."

மைக் கட்டிக்கொண்டிருந்தவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். பள்ளியைக் காத்த கதையில் இப்படி ஒரு கதை இருப்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் எதிர்க் கட்சி நோட்டீசில் ஏறிவிடும்.

காளிச்சாமி சிரித்தார். மேடையில் சிரிக்கிற சிரிப்பு. மகளின் தலையில் கை வைத்தார்.

"உங்கம்மாளுக்கு உம்பட மேல அத்தன பாசம். நீ வெசனப்படறயேன்னு சொல்லிருப்பா. அம்மை வாத்து ரெண்டு பரிச்சை எழுதாம உட்டயில்ல, அதான் சாமி. தோத்தா என்ன? உங்கப்பன் எட்டாவதுல ரெண்டு வாட்டி தோத்தவன், தெரியுமா? இன்னைக்கு நாலு பேருக்குத் தலைவனா இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள், மனசார, அன்பாகத்தான் சிரித்தார்கள். "அப்படிச் சொல்லுங்க தலைவரே!" என்று ஒருவர் கை தட்டினார்.

ஜீவிதா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நொடி கமலாத்தாளுக்காகக் காத்திருந்தது. இல்லை, அவர் சொல்வது பொய், நான் சொன்னதுதான் நிஜம் என்று அந்த இருபது பேர் முன்னால் ஒரு வார்த்தை. வாய் திறந்தது. புருஷன் முகமும் ஜீப்பும் கொடியும் கண்ணில் பட்டன. வாய் மூடிக்கொண்டது. வேன் ஹாரன் அடித்தது. பிள்ளை பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலில் ஒரு குறையும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ எதுக்கும்மா பொய் சொன்னே? நா தோத்தது உனக்கு அத்தன வெக்கமா இருக்குதா?"

"பொய் இல்ல கண்ணு..."

"அப்பாவுக்கே தெரியாமயா? அப்பா பொய் சொல்லுவாங்ளா?" சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "சார்கிட்ட வேண்டான்னு சொல்லிட்டேன். இனி அவிய ஃபோன் பண்ணமாட்டாங்க. நீ வெசனப்படாதே."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பரீட்சைக்கு வேறு மூன்று பிள்ளைகளின் பெயர் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஜீப் கிளம்பும் முன்பே கமலாத்தாள் புருஷனைத் தோப்புக்குள் இழுத்துப்போய் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பேசியது கிடையாது. அவர் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டே வாரம் கமலா. வோட்டு முடியட்டும். எம் புள்ளைகிட்ட நானே சொல்றேன். கால்ல உளுந்து சொல்றேன்." கண் கலங்கித்தான் சொன்னார். அவருக்கு மகள் மேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் கமலாத்தாளே சண்டைக்குப் போவாள். பாசம் இருந்து என்ன? எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தேதி இருந்தது. பிள்ளைக்கு மட்டும் அது எப்போதும் அடுத்த தேதி.

டிசம்பரில் அவர் ஜெயித்தார். நல்ல வித்தியாசம். மத்தியானம் சேதி வந்ததிலிருந்து வெடிச்சத்தம் காதைப் பிளந்தது. நாலு மணிக்கு ஊர்வலமாக வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். கழுத்து மறைய மாலை, நெற்றியெல்லாம் குங்குமம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெளியே கூட்டத்தை நிற்க வைத்துவிட்டு நேராக உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்திருந்த மகளின் முன்னால் தரையில், மாலையோடு, மண்டியிட்டு உட்கார்ந்தார். கமலாத்தாள் கதவோரம் நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னார். ஆயிரம் பேரை மயக்குகிற வாய் குழறிக் குழறிச் சொன்னது. ஒரு தலை குறைந்தது, கெட்டிக்காரி என்பதால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தது, ஆட்கள் முன்னால் பயந்துபோய் மாற்றிச் சொன்னது, எல்லாம். "நீ தோக்கல சாமி. நீ தோக்கவே இல்ல. இந்தப் பாவிதான் உன்னைய..." என்று மகளின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஜீவிதா பொறுமையாகக் கேட்டாள். அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டாள். துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கதவோரம் நின்ற தாயை ஒருமுறை பார்த்துவிட்டு, பெரிய மனுஷி போல மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்ளாப்பா?"

அவர் நிமிர்ந்து கமலாத்தாளைப் பார்த்தார்.

"பரவால்லீங்ப்பா. ரெண்டு பேரும் எனக்காக இத்தன மெனக்கெட வேண்டாங்க. எனக்குப் பழகிப்போச்சு. எந்திரிங்க, வெளிய எல்லாரும் நிக்கறாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.